உருகும் கல்லின் வரலாறு

மைசூர் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், காவிரிக்கு அருகில் சோமநாதபுரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் மைசூர்வாழ் தமிழராகிய நாம் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களுள் அதுவும் ஒன்று. போசள மன்னன் மூன்றாம் நரசிம்மனிடம் தண்டநாயகராக விளங்கிய சோமநாதர், 1258-ஆம் ஆண்டில் அங்கே கேசவப் பெருமாளுக்குக் கோயில் எடுப்பித்தார். 2023-ஆம் ஆண்டில் பேலூர், ஹளேபீடு கோயில்களுடன் இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. அக்கோயிலின் சுவரருகே நின்று பார்ப்போர் அனைவருக்கும் ஓர் ஐயம் தோன்றும். கல்லில் எப்படி இவ்வளவு நுண்ணிய வேலை இயலும்? மாலையின் ஒவ்வொரு மணியும், கொடியின் ஒவ்வொரு சுருளும் தனித்தனியே தெரிகின்றனவே!

இதற்கு விடை கல்லிலேயே உள்ளது. போசளர் கையாண்டது கருங்கல் அன்று. மாக்கல் இனத்தைச் சேர்ந்த மென்கல். வெட்டியெடுத்த காலத்தில் உளிக்கு எளிதில் இணங்கிக் கொடுத்து, பின்னர்க் காற்றும் வெயிலும் பட்டு நாளடைவில் இறுகும் இயல்புடையது. அதனாலன்றோ, மல்லிதம்மன் என்னும் சிற்பி தான் வடித்த உருவங்களின் கீழே தன் பெயரைப் பொறித்து வைக்க, எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதனைப் படிக்க முடிகிறது.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை பகுத்து அளக்கும் மோஸ் அளவை என்று ஒன்று உண்டு. அதில் மாக்கல் வகைகள் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் இடையே நிற்பன. அதே அளவையில், உருகும் நிலையை அடுத்திருக்கும்போது ஏறத்தாழ ஒன்றரையில் நிற்பது மற்றொரு பொருள். அதுவும் இயற்கையில் கிடைக்கும் படிகந்தான். அதுவும் உளிக்கு இணங்குவதுதான். ஆயின் காற்றும் வெயிலும் பட்டால் அது இறுகுவதில்லை, மறைந்தொழிகிறது. அப்பொருளே பனிக்கட்டி. மாக்கல்லின் உடன்பிறப்பு எனத்தக்க இவ்வுருகும் கல் நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தது, யாருக்குப் பயன்பட்டது, மனிதன் அதில் எவற்றை வடித்தான் என்பவற்றைச் சிறிது காண்போம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம்; மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அதுவே பழக்கம். தமிழில் ‘பனி’ என்னும் ஒரே சொல், புல்நுனியில் தங்கும் துளியையும், மார்கழி விடியலில் தெருவை மூடும் மூட்டத்தையும், இமயத்தில் படியும் வெண்துகளையும் குறிக்கும். வெப்ப நாட்டு மொழிக்கு அவற்றைப் பிரித்துப் பேச வேண்டிய தேவை நேரவில்லை. கன்னடத்தில் அவற்றை ‘மஞ்சு’ என்பர். நமக்கோ மஞ்சு என்பது மலைமுகட்டில் தவழும் மேகம். வானத்திலிருந்து கட்டியாக விழும் ஆலங்கட்டியைப் பழந்தமிழ் ‘ஆலி’ என்றது. நம் கன்னட அண்டை வீட்டார் இன்றும் ‘ஆலிகல்லு’ என்கின்றனர். உறைந்த நீரைக் கல் என்று கண்ட கண், தக்காணத்து உழவனின் கண். மைசூர் கடல்மட்டத்துக்கு 750 மீட்டருக்கு மேல் உயர்ந்த நகரே எனினும், அங்கே நீர் தானாக உறைவதில்லை. கோடை மழையோடு சில நொடிகள் பொழிந்து, பிள்ளைகள் பொறுக்குவதற்குள் கரைந்துவிடும் ஆலிதான் தென்னகம் நெடுங்காலம் அறிந்திருந்த ஒரே பனிக்கட்டி.

இனி இக்கல்லின் இயல்புகள். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். நீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை அவ்வாறே சுருங்கிக்கொண்டு வருகிறது. அதற்குக் கீழே போனால் விரியத் தொடங்கி, 0 டிகிரியில் உறையும்போது தன் பருமனில் ஏறத்தாழ பதினோரில் ஒரு பங்கு மிகுந்துவிடுகிறது. உறைந்த நீரின் அணுத்திரள்கள் அறுகோண வரிசையில், இடையே வெற்றிடம் விட்டு அடுக்கப்படுவதே காரணம். எனவே பனிக்கட்டி நீரைவிட இலேசானது. ஏரியின் மேலே போர்வைபோல் மிதக்கிறது. கீழே மீன்கள் உயிர் பிழைக்கின்றன. ஏரியின் அடியில் உறையாமல் மேலே உறைவதனால்தான் மனிதனும் வாள் கொண்டு அதனை அறுத்தெடுக்க முடிந்தது.

இரண்டாவது இயல்பு அதனினும் வியப்புக்குரியது. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டி, அதே 0 டிகிரியில் இருக்கும் நீராக மாறுவதற்கு மட்டும் 80 கிலோகலோரி வெப்பத்தை விழுங்குகிறது. அவ்வளவு வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடேற்றிவிடலாம். இதனை உள்ளுறை வெப்பம் என்பர். பனிக்கட்டி மெதுவாகவே உருகுவதற்கும், உருகுங்கால் சுற்றுப்புறத்தைக் குளிர்விப்பதற்கும் இதுவே அடிப்படை.

மூன்றாவது, அளவு பற்றியது. வெப்பம் மேற்பரப்பின் வழியாகவே உட்புக முடியும். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இருமடங்காக்கினால் அதன் பருமன் எட்டு மடங்காகும். மேற்பரப்போ நான்கு மடங்கே ஆகும். ஆகவே சிறு கட்டி விரைவில் கரையும்; மலைபோல் குவித்த கட்டி மாதக்கணக்கில் நிற்கும். இம்மூன்று இயல்புகளையும் நினைவில் கொண்டால் பின்வரும் வரலாறு முழுதும் எளிதில் விளங்கும்.

வட இந்தியாவில் பனிக்கட்டி அரசர்க்குரிய பொருளாக இருந்தது. அக்பரின் அரண்மனையில் நீரைக் குளிர்விப்பதற்கு வெடியுப்பைக் கரைத்துப் பயன்படுத்தினர் என்றும், அரசவை பஞ்சாபுக்குச் சென்ற 1586-ஆம் ஆண்டு முதல், வடமலைகளிலிருந்து பனிக்கட்டி நிலவழியாகவும் ஆற்றுவழியாகவும் லாகூருக்குக் கொண்டுவரப்பட்டது என்றும் அபுல் பசல் எழுதிய ஆயினி அக்பரி தெரிவிக்கிறது.

மலை இல்லாத சமவெளியிலோ மக்கள் வேறொரு வழி கண்டனர். அலகாபாத்தில் பனிக்கட்டி உண்டாக்கும் முறையை ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். திறந்த வெளியில் ஆழமற்ற பள்ளங்கள் வெட்டி, கரும்புச் சக்கையும் தட்டையும் பரப்பி, அவற்றின்மேல் மெருகிடாத சிறு மண் தட்டுகளில் நீரை ஊற்றி வைப்பர். மேகமற்ற, காற்றடங்கிய குளிர்கால இரவில் அந்நீர், காற்றின் வெப்பம் உறைநிலைக்கு மேலிருந்தாலும் உறைந்துவிடும். கதிரவன் எழுமுன் ஆட்கள் தட்டுகளைத் தட்டிக் கட்டிகளைச் சேர்த்துக் குழிகளில் புதைத்து வைப்பர். தெளிந்த இரவு வானத்தை நோக்கி நீர் தன் வெப்பத்தைக் கதிராக வீசி இழக்கிறது. மண் தட்டில் கசிந்த ஈரம் ஆவியாகி மேலும் குளிர்விக்கிறது. அடியிலுள்ள தட்டை நிலத்தின் வெப்பம் மேலேறாமல் தடுக்கிறது. பனித்துளி பற்றி வெல்ஸ் என்னும் மருத்துவர் 1814-இல் எழுதிய நூலுக்குப் பிறகே இவ்வெப்பக் கதிர்வீச்சு அறிவியலாருக்குத் தெளிவாயிற்று. பெயர் தெரியாத அக்கூலியாட்கள் அதனைப் பல காலமாகவே கைவினையாக அறிந்திருந்தனர்.

தென்னாட்டுக்குப் பனிக்கட்டி வந்த வழி கடல்வழி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிரெடெரிக் டூடர் என்னும் வணிகர் இருந்தார். குளிர்காலத்தில் அவ்வூர் ஏரிகளில் விலையின்றிக் கிடக்கும் பனிக்கட்டியை வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று எண்ணி, 1806-இல் மார்த்தினீக் தீவுக்கு முதற் கப்பலை அனுப்பினார். ஊரார் நகைத்தனர். நட்டம் வந்தது, கடனுக்காகச் சிறைப்படவும் நேர்ந்தது. அவர் விடவில்லை. 1825-இல் நத்தானியேல் வையத் என்பார், குதிரை இழுக்கும் கலப்பை போன்ற கருவியால் ஏரிப் பனியை ஒரே அளவுள்ள பாளங்களாக அறுக்கும் முறையைக் கண்டார். சீரான பாளங்கள் இடைவெளியின்றி அடுங்கும். அடுங்கிய குவியலில் காற்றுப் படும் பரப்புக் குறையும். மர அறுவை ஆலைகளில் வீணாகக் கொட்டிய மரத்தூள் வெப்பந்தடுக்கும் உறையாயிற்று. கீழ்நாட்டுச் சரக்கை ஏற்றிவர வெறுங்கப்பலாகப் புறப்படும் மரக்கலங்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தன. வீண் என்று கருதப்பட்ட மூன்றைச் சேர்த்து ஒரு வாணிகத்தை அவர் உருவாக்கினார்.

1833-ஆம் ஆண்டு மே மாதம் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பின் செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் ஏறத்தாழ 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது. முன்னர்க் கூறிய உள்ளுறை வெப்பமும், பெருங்குவியலின் சிறுபரப்பும், மரத்தூளும் சேர்ந்து செய்த காரியம் இது.

கல்கத்தாவையும் பம்பாயையும் அடுத்துச் சென்னையிலும் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. 1842-ஆம் ஆண்டளவில் கடற்கரையை ஒட்டி, வெப்பம் புகாத கனத்த சுவர்களோடு அது கட்டப்பட்டது. அந்நாளில் சென்னையில் கப்பல் அணையும் துறைமுகம் இல்லை. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களின் சரக்குகள் மசூலாப் படகுகளில் அலை கடந்து கரை சேர வேண்டும். கரை சேர்ந்தும் அப்பனிக்கட்டி எல்லார் வீட்டுக்கும் சென்றதில்லை. வெள்ளையர் விருந்து மேசைக்கும், செல்வர் மாளிகைக்கும், காய்ச்சல் கண்டோரின் நெற்றிக்கும் போயிற்று. தூக்கி வந்தவர்களின் தோளில் வழிந்த நீரே அவர்களுக்குக் கிடைத்த குளிர்ச்சி எனலாம். 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளக்கரையில் வாழ்ந்த தோரோ, தம் குளத்தின் பனியைப் பாளம் பாளமாக அறுப்பதைக் கண்டு, அந்நீரைச் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ளோர் பருகப்போவதை எண்ணி வியந்து தம் நூலில் எழுதி வைத்தார்.

இவ்வாணிகம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1874-இல் சென்னையிலேயே ஐஸ் உற்பத்திக் கம்பெனி ஒன்று தொடங்கியது. 1878-இல் கல்கத்தாவிலும் தொடங்கிற்று. எளிதில் ஆவியாகும் திரவத்தை ஆவியாக்கி, அது விழுங்கும் வெப்பத்தை நீரிலிருந்து பறிப்பதே இயந்திரத்தின் தந்திரம். சூரியன் காய்கின்ற ஊரிலேயே பனி பிறக்கும்போது, பாஸ்டன் கப்பலுக்கு என்ன வேலை? 1880-களில் அவ்வாணிகம் ஓய்ந்தது.

இயந்திரத்துக்கு ஆற்றல் வேண்டும். மைசூர் சமஸ்தானத்தில் அவ்வாற்றலைத் தந்தது காவிரி. பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து மைசூரின் திவானாக உயர்ந்த சேஷாத்ரி ஐயரின் முயற்சியால் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைந்தது. அவர் மறைந்த மறு ஆண்டில், 1902-இல், அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் பாய்ந்தது. 1905-இல் பெங்களூரும் 1908-இல் மைசூரும் ஒளி பெற்றன. தங்கவயலின் சுரங்கங்களில் தமிழர் ஆயிரக்கணக்கில் உழைத்தனர் என்பது நம்மில் பலருடைய குடும்ப வரலாறு. அம்மின்சாரம் நாளடைவில் ஐஸ் தொழிற்சாலைகளையும் இயக்கிற்று. அரசர்க்கும் ஆங்கிலேயர்க்கும் உரியதாயிருந்த குளிர்ச்சி, சர்பத்துக் கடைக்கும் மீன் சந்தைக்கும் தெருவில் குச்சி ஐஸ் விற்பவரின் பெட்டிக்கும் வந்து சேர்ந்தது.

பனிக்கட்டியில் சிற்பம் வடிக்கும் கலைக்கும் இனி வருவோம். சாதாரண ஐஸ் பாளத்தின் நடுவே வெண்மை படர்ந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். நீர் நாற்புறமும் இருந்து உறையும்போது, கரைந்துள்ள காற்றும் உப்பும் படிகத்தில் இடம் பெறாமல் உள்நோக்கித் தள்ளப்பட்டு, இறுதியில் நடுவே சிறைப்படுகின்றன. ஆகையால் சிற்பத்துக்குரிய பாளத்தை அடியிலிருந்து மேல்நோக்கி ஒரே திசையில் உறைய வைத்து, மேலே உள்ள நீரை ஓயாது கலக்கிக்கொண்டே இருப்பர். அப்பாளம் பளிங்குபோல் தெளிந்திருக்கும். கடுங்குளிர் அறையிலிருந்து எடுத்தவுடன் அதில் உளியை வைத்தலாகாது. புறம் விரைந்து வெப்பமுற்று விரிய, உள்ளே குளிர்ந்தே இருப்பதால் பாளம் வெடித்துவிடும். மேலே படர்ந்த வெண்பூச்சு நீங்கித் தெளிவு பெறும்வரை காத்திருந்து, அதன்பின்னரே வேலையைத் தொடங்குவர்.

துண்டுகளை ஒட்டுவதற்கு வேறு பசை தேவையில்லை. உருகுநிலையில் உள்ள இரு கட்டிகளைச் சேர்த்து வைத்தால் அவை ஒன்றாகிவிடுவதை 1850-இல் மைக்கேல் பாரடே எடுத்துக்காட்டினார். சிற்பியும் இரு முகங்களையும் சமமாக்கி, சிறிது நீர் தடவிப் பொருத்துகிறான். உறைந்த பாளத்தின் குளிரே அந்நீரை உறையவைத்து இணைக்கிறது. கடுங்குளிரில் இக்கல்லின் இயல்பும் மாறும்: சுழியத்துக்குக் கீழே எழுபது, எண்பது டிகிரிக்குப் போனால் அதன் கடினம் மோஸ் அளவையில் ஆறை எட்டும். ஆனால் விருந்து மண்டபத்தில் அது ஒன்றரைக் கல்லே. அன்னத்தின் கழுத்தும் யானையின் தந்தமும் முதலில் மெலிந்து விழும். பருத்த உடல் நெடுநேரம் நிற்கும். பருமனுக்கும் பரப்புக்கும் உள்ள விகிதந்தான் இங்கும் காரணம். எது முதலில் கரையும் என்பதை எண்ணி, அதற்கேற்ப உறுப்புகளைச் சற்றுப் பருமனாகவே செதுக்குவது இக்கலையின் இலக்கணம்.

இக்கலையின் வரலாற்றில் ஒரு கொடிய அத்தியாயமும் உண்டு. 1739-40 குளிர்காலத்தில் ரஷ்யப் பேரரசி அன்னா, நேவா ஆற்றின் பனியை அறுத்துப் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஓர் அரண்மனை கட்டுவித்தாள். பனியாலான மரங்கள், பறவைகள், வெடிமருந்து நிரப்பிச் சுடக்கூடிய பீரங்கிகள், துதிக்கையால் நீர் பீச்சும் யானை எல்லாம் அங்கே இருந்தன. கிராப்ட் என்னும் அறிஞர் அவற்றை விரிவாக எழுதி வைத்துள்ளார். தன் வெறுப்புக்கு ஆளான கோலிட்சின் என்னும் பிரபுவை விதூஷகனாக்கி, ஒரு பணிப்பெண்ணுக்கு வலிந்து மணமுடித்து, அவ்விருவரையும் பனிக்கட்டில் கிடந்த அறையில் ஓர் இரவைக் கழிக்கச் செய்தாள் அவள். நல்லூழாக இருவரும் உயிர் தப்பினர். வேனில் வந்தது, அரண்மனை ஆற்றோடு போயிற்று. கலையின் மேன்மை அதன் பொருளில் மட்டும் இல்லை, அதனைச் செய்விப்பவர் நோக்கத்திலும் இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் காலத்தில் இக்கலை மக்கள் விழாவாக மலர்ந்திருக்கிறது. ஜப்பானின் சப்போரோ நகரில் 1950-இல் பள்ளி மாணவர் ஆறு பனியுருவங்களைச் செய்து வைத்ததிலிருந்து ஒரு பெருவிழா வளர்ந்தது. சீனாவின் ஹார்பின் நகரில் 1963-இல் பனி விளக்குத் திருவிழா தொடங்கிற்று. நம் நாட்டிலோ லடாக்கில் பனியுருவம் ஒன்று உயிர் காக்கும் தொண்டில் ஈடுபட்டிருக்கிறது. அங்கே உழவர் விதைக்கும் சித்திரை, வைகாசித் திங்களில்தான் நீர்த்தட்டுப்பாடு மிகுதி. மலைமேல் பனியாறுகள் உருகி நீர் வருவதற்குக் காலம் பிடிக்கும். செவாங் நார்பெல் என்னும் பொறியாளர் ஓடை நீரைத் தேக்கி உறையவைக்கும் செயற்கைப் பனியாறுகளை முன்னரே அமைத்திருந்தார். 2013-14 குளிர்காலத்தில் சோனம் வாங்சுக் வேறொரு வடிவத்தைச் சோதித்தார். உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கும் ஓடைநீர், பம்பு ஏதுமின்றித் தன் அழுத்தத்தாலேயே மேலே பீச்சி, இரவுக் குளிரில் உறைந்து கூம்பாகக் குவியும். பௌத்தரின் தூபம் போன்று தோன்றுவதால் அதனைப் பனித்தூபம் என்றனர். கூம்பு வடிவத்தில் பருமன் மிகுதி, வெயில் படும் பரப்புக் குறைவு. எனவே கீழ்நிலத்துப் பனி மறைந்த பின்னும் அது நின்று, சிறிது சிறிதாக உருகி, விதைப்புக் காலத்தில் வயலுக்கு நீர் தருகிறது. பாஸ்டன் வணிகர் கண்ட கணக்கே இதுவும். அது விருந்து மேசைக்குப் பயன்பட்டது. இது உழவனின் பாத்திக்குப் பயன்படுகிறது.

மீண்டும் சென்னைக் கடற்கரைக்கு வருவோம். பனிக்கட்டி போனபின் அக்கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி இல்லமாக மாற்றியமைத்தார். 1892-இல் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையாரின் விருந்தினராகத் தங்கியிருந்த இளந்துறவி விவேகானந்தர், உலகப் புகழுடன் திரும்பிய 1897 பிப்ரவரியில் அவ்வில்லத்தில் தங்கினார். பின்னர் அது வேறொரு தொண்டுக்கு இடமாயிற்று. சிறுமியாயிருந்தபோதே கணவனை இழந்து, 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்கென நடத்திய விடுதி அங்கே குடியேறிற்று. வீட்டின் மூலையில் முக்காடிட்டு ஒடுங்கியிருக்கும்படி விதிக்கப்பட்ட பெண்கள், கடற்காற்று வீசும் அக்கட்டிடத்தில் அமர்ந்து பாடம் படித்தனர். ஆசிரியைகளாக வெளியே சென்றனர். வெப்பம் உள்ளே புகக்கூடாதென எழுப்பிய சுவர்கள், ஊராரின் சுடுசொல் புகாதபடி அவர்களைக் காத்தன.

1963-ஆம் ஆண்டில், விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி, அதற்கு விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் சென்னை மக்கள் அப்பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றே வழங்குகின்றனர். கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் மறைந்துவிட்டன. இஃது ஒன்றே எஞ்சியுள்ளது.

சோமநாதபுரத்தில் மல்லிதம்மனின் கல்லும் பெயரும் நிற்கின்றன. அலகாபாத்தின் மண் தட்டுகளில் பனி விளைவித்தவர்களுக்கும், சென்னை அலைகளில் பாளம் சுமந்தவர்களுக்கும் பெயரில்லை. அவர்தம் பொருளும் அன்றன்றே கரைந்துவிட்டது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் பிள்ளைகள் கடற்கரைச் சாலையில் அக்கட்டிடத்தைக் கண்டு, ஐஸ் இல்லாத வீட்டுக்கு ஐஸ் ஹவுஸ் என்று ஏன் பெயர் வந்தது என வினவினால், கப்பல் வணிகரின் கதையோடு நின்றுவிடாமல், அப்பாளங்களைச் சுமந்தவர்களையும், பின்னாளில் அங்கே படித்து வாழ்வு பெற்ற பெண்களையும் சேர்த்துச் சொல்வோமாக.